பெரிய கடல்மீனுக்கு ரீலும் லைனும்: கணக்கு டிராகிலிருந்து தொடங்கட்டும்

கடையில் போய் "பெரிய மீனுக்கு ஒரு ரீல் காட்டுங்க" என்று கேட்டால், பெட்டியில் பெரிய எண் போட்ட ரீலைத்தான் எடுத்து வைப்பார்கள். 20000 சைஸ், 25 கிலோ டிராக் (மீன் லைனை உருவிக்கொண்டு ஓடாமல் தடுக்கும் பிரேக்கின் இறுக்கம்), பன்னிரண்டு பேரிங். பாதி எண்களுக்குக் கடலில் வேலையே இருக்காது. ரீலைப் பார்த்துவிட்டு அதற்கேற்ற மீனைத் தேடுவது தலைகீழ் வழி. எந்த மீன், அது எங்கே நிற்கிறது, அதை நிறுத்த எத்தனை கிலோ டிராக் வேண்டும், அந்த டிராகை ஆடும் படகில் நின்று உங்கள் இடுப்பு தாங்குமா என்று முதலில் பாருங்கள். பிறகு அதைத் தாங்கும் லைன். கடைசியில்தான் அந்த லைனைக் கொள்ளும் ரீல்.

வங்காள விரிகுடாவில் நடக்கும் இரண்டு வேலைகளை வைத்துப் பார்ப்போம். ஒன்று, அந்தமானில் பவளத்திட்டுகளின் ஓரத்தில் பாப்பர் என்னும் மிதக்கும் போலி இரையை வீசிப் பிடிக்கும் பெரும்பாறை, அதாவது ஜி.டி. (ஜயன்ட் ட்ரெவாலி). இன்னொன்று, சென்னை, புதுச்சேரிக்கு வெளியே ஆழத்தில் ட்ரோலிங் ஓட்டி, அதாவது ஓடும் படகின் பின்னால் இரையை இழுத்து, மயில்மீன், சூரை, வஞ்சிரம் பிடிப்பது. இந்த இரண்டுக்கும் ஒரே ரீல் போதும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எத்தனை கிலோ டிராக்?

ஜி.டி. கடித்தவுடன் செய்வது ஒன்றுதான்: தலையைத் திருப்பித் திட்டை நோக்கிப் பாய்வது. பவளம் பத்து இருபது மீட்டரில் இருக்கும். லைன் அதில் ஒரு முறை உரசினால் கதை முடிந்தது. அதனால் முதல் பாய்ச்சலிலேயே நிறுத்தியாக வேண்டும். 20 முதல் 30 கிலோ மீனுக்கு 8 முதல் 12 கிலோ டிராக் வேண்டியிருக்கும். இந்த மீனில் உலக சாதனை 2006இல் ஜப்பானின் ககோஷிமா பக்கம் பிடிபட்ட 72.8 கிலோ. அந்த அளவுக்கு யாரும் திட்டமிட வேண்டாம். ஆனால் 30 கிலோ வரும் என்று எதிர்பார்த்துத்தான் அந்தமானுக்குக் கிளம்ப வேண்டும்.

டிராக் 15 கிலோவுக்கு மேல் போனால் மீனுக்கு முன்னால் ஆள் தோற்றுப்போவார். சந்தேகமாக இருந்தால் வீட்டில் பாருங்கள். தூண்டில் கோலைப் பிடித்து நில்லுங்கள், லைன் முனையில் தராசை மாட்டி ஒருவர் 10 கிலோ வரும்வரை இழுக்கட்டும். அரை நிமிடம் அசையாமல் நின்றால் பெரிய விஷயம். பெட்டியில் போட்டிருக்கும் 25 கிலோவின் உண்மையான பயன் வேறு: 25 கிலோ வரை இறுக்கக்கூடிய டிராக், 10 கிலோவில் திணறாமல் சீராக ஓடும். 10 கிலோதான் அதிகபட்சம் என்கிற ரீலை 10 கிலோவில் ஓட்டினால் டிராக் துள்ளும்.

ஆழ்கடல் ட்ரோலிங்கில் அடியில் பவளம் இல்லை, மீன் ஓடட்டும். மயில்மீன் குதிக்கும், வாய்ப்பகுதி கடினம், மிகை இறுக்கத்தில் தூண்டில் முள் தெறித்துவிடும். அங்கே 5 முதல் 8 கிலோ போதும். நல்ல எடையுள்ள மஞ்சள் துடுப்புச் சூரை படகுக்கு நேர் கீழே போய் வட்டமடிக்கத் தொடங்கினால் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம்.

லைனின் பலம்

தங்கூஸ் நரம்பு (ஒற்றை நைலான் இழை) என்றால் அதன் அறுபடு எடையில் மூன்றில் ஒரு பங்கு டிராக் என்பது பழைய கணக்கு. 24 கிலோ லைனுக்கு 8 கிலோ. பல நுண்ணிழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டுக்கு நான்கில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. நைலான் நீண்டு கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். பிரெய்டு கிட்டத்தட்ட நீளாது, அடி முழுவதும் நேராக முடிச்சில் விழும்.

மீதியை ஏன் சும்மா வைத்திருக்கிறோம் என்று கேட்கலாம். லைன் ஓட ஓட, அதைச் சுற்றியிருக்கும் உருளையான ஸ்பூலில் சுற்றின் விட்டம் குறைகிறது, அதே அளவுக்கு டிராக் தானாகவே கூடுகிறது. 10 சென்டிமீட்டர் விட்டம் 7 ஆகக் குறைந்தால் 8 கிலோ டிராக் 11 கிலோவைத் தாண்டிவிடும், நீங்கள் எதையும் தொடாமலே. அதோடு தண்ணீருக்குள் வளைந்து கிடக்கும் இருநூறு மீட்டர் லைனை இழுக்கும் பாரமும் சேரும். "மீன் தூரம் போகுது, இறுக்கு" என்று படகில் யாராவது கத்துவார்கள். செய்ய வேண்டியது நேர் எதிர்: தூரம் போகப் போகக் கொஞ்சம் தளர்த்துங்கள்.

ஆக ஜி.டி.க்கு 10, 12 கிலோ டிராக் என்றால் 45 கிலோ, அதாவது 100 பவுண்டு தாங்கும் பிரெய்டு. ஜப்பானியக் கணக்கில் பி.இ. 8. பி.இ. என்பது இழையின் கனத்தைக் குறிக்கிறது, பலத்தை அல்ல. பி.இ. 4 சுமார் 0.33 மி.மீ., 6 சுமார் 0.40, 8 சுமார் 0.47. நல்ல நிறுவனத்தின் பி.இ. 8, 90 பவுண்டு முதல் 110 பவுண்டு வரை இருக்கும். மலிவான லைனில் 0.30 மி.மீ. என்று கனத்தைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே 100 பவுண்டு என்றும் எழுதியிருந்தால், இரண்டில் ஒன்று பொய். பெரும்பாலும் கனம்தான் பொய், லைன் எழுதியதைவிடத் தடிமனாக இருக்கும். ஸ்பூலில் 300 மீட்டருக்குப் பதில் 200 ஏறியதும் தெரிந்துவிடும்.

பலத்தை வீட்டிலேயே சோதிக்கலாம். மாடிக் கைப்பிடிக் குழாயில் லைனை எட்டு பத்து சுற்று சுற்றிக் கட்டுங்கள். சுற்றே பாரத்தை வாங்கிக்கொள்ளும், அங்கே முடிச்சில் பாரம் விழாது. கீழ் முனையில் லீடரை (இரைக்கு முன்னால் கட்டும் தடித்த லைன் துண்டு) உங்கள் வழக்கமான முடிச்சால் இணைத்து, அதில் 20 லிட்டர் தண்ணீர் கேனைத் தொங்கவிடுங்கள். ஒரு கேன் 20 கிலோ, இரண்டு சேர்ந்தால் 40. தரையிலிருந்து ஒரு சாண் உயரம் போதும், காலை மட்டும் தள்ளி வையுங்கள். பி.இ. 8 இரண்டு கேனைத் தாங்காவிட்டால் லைனைக் குறை சொல்வதற்கு முன் எங்கே அறுந்தது என்று பாருங்கள். முடிச்சில் என்றால் குறை கையில், நடுவில் என்றால் லைனில்.

நான்கு இழையா, எட்டு இழையா என்பது அடிக்கடி வரும் கேள்வி. எட்டு இழை வழுக்கும், சத்தமில்லாமல் தூரம் போகும். பாப்பர் வீச அதுதான். நான்கு இழையில் ஒவ்வொரு இழையும் தடிமனாக இருப்பதால் உரசலைக் கொஞ்சம் கூடத் தாங்கும், விலையும் குறைவு. கனமான போலி இரையை நேர் கீழே இறக்கித் தூக்கும் ஜிக்கிங்குக்கு 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும் லைன் வாங்கினால் ஆழத்தை எண்ணிச் சொல்லலாம். மீனுக்கு நிறம் ஒரு பொருட்டல்ல, லீடர் தனியாக இருக்கிறது.

நீளம்: ஜி.டி.க்கு 300 மீட்டர். உண்மையில் 100 மீட்டர் ஓடவிட்டாலே மீன் போய்விட்டது என்று அர்த்தம். மீதி இருநூறு, அறுந்த பிறகும் அந்த நாள் முழுக்க வீசுவதற்கு. பாரன் தீவு போல விளிம்பிலேயே கடல் ஆழமாகச் சரியும் இடத்தில் சூரைக்கு இறங்கினால் 400, 500 வேண்டும்.

ட்ரோலிங்கில் தங்கூஸ் இன்றும் நல்ல தேர்வு. படகு 7, 8 நாட் வேகத்தில் ஓடும்போது மீன் எதிர்த்திசையில் அடித்தால் வரும் அதிர்ச்சியை நைலானின் நீட்சிதான் வாங்கிக்கொள்கிறது. பிரச்சினை இடம். 100 பவுண்டு தங்கூஸ் 0.9 மி.மீ.க்கு மேல் தடிமன். 300 மீட்டர் பி.இ. 8 கொள்ளும் ஸ்பூலில் அது 80 மீட்டர்கூட ஏறாது. இரண்டையும் சேர்த்து, அடியில் பிரெய்டும் மேலே 80 முதல் 100 மீட்டர் தங்கூஸும் போட்டால் சின்ன ரீலிலும் போதுமான நீளம் கிடைக்கும். தங்கூஸ் வெயிலில் கெட்டுப்போகும், ஈரத்தில் பத்து விழுக்காடு அளவுக்குப் பலம் இழக்கும். சீசனுக்கு ஒரு முறை மாற்றுவது செலவல்ல.

ரீல்

வீசுவதற்கு, ஸ்பூல் சுழலாமல் லைன் உருவிப் போகும் ஸ்பின்னிங் ரீல்; ட்ரோலிங்கில் இழுப்பதற்கு, லீவரால் டிராகைக் கூட்டிக் குறைக்கும் லீவர் டிராக் ரீல். இதில் விவாதத்துக்கு இடமில்லை. சைஸ் எண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஆகவே ஸ்பூல் கொள்ளளவைப் படியுங்கள். ஷிமானோ, டைவா வரிசையில் 14000 என்பது பி.இ. 6 சுமார் 300 மீட்டர் கொள்ளும். 18000, 20000 என்பவை பி.இ. 8க்கு. ஸ்டெல்லா எஸ்.டபிள்யூ., சால்டிகா இரண்டும் விலையைத் தவிரக் குறை சொல்ல முடியாதவை. பணம் அளவாக இருந்தால் கோலில் குறைத்து ரீலில் போடுங்கள். கோல் சுமாராக இருந்தால் கை வலிக்கும், அவ்வளவுதான். ரீல் சுமாராக இருந்தால் மீன் போகும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது உடல் உலோகமா என்று பாருங்கள். ஸ்பூலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு கைப்பிடியை அழுத்திச் சுற்றுங்கள். ஸ்பூல் அச்சு வளைந்து ஆடுவது தெரிந்தால் வைத்துவிடுங்கள். டிராக் குமிழை முழுக்கத் தளர்த்தி, நூலை இழுத்தபடி மெல்ல இறுக்குங்கள். ஒரு கால் சுற்றில் ஒன்றுமில்லாமல் இருந்து அடுத்த கால் சுற்றில் பூட்டிக்கொள்ளும் டிராகை வைத்துக் கடலில் நுணுக்கமாக எதையும் செய்ய முடியாது. பேரிங் எண்ணிக்கையைப் பார்க்கவே வேண்டாம். லைன் உருண்டு ஸ்பூலுக்குப் போகும் லைன் ரோலரில் இருக்கும் ஒரே ஒரு பேரிங்தான் முதலில் உப்பேறிச் சாகும். அதைக் கழற்றி மாற்ற முடியுமா, உதிரி கிடைக்குமா என்று கேளுங்கள்.

டிராகில் கார்பன் வாஷரா என்பதும் முக்கியம். 10 கிலோ டிராகில் மீன் 150 மீட்டர் ஓடினால் அந்த உராய்வில் பிறக்கும் வெப்பம் சுமார் 15 கிலோஜூல். 100 மில்லி தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குக் கொண்டுபோகும் சூடு அது, சில நொடிகளில், உள்ளங்கை அளவு ஸ்பூலுக்குள். தரமில்லாத வாஷர் அந்தச் சூட்டில் ஒட்டி ஒட்டி விடும், லைன் திக்கித் திக்கிப் போகும், ஏதாவது ஒரு திக்கலில் அறுந்துபோகும்.

இனி கியர். இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். ஒரு சுற்றுக்கு 130 செ.மீ. இழுக்கும் ரீலில் கைப்பிடியின் நீளம் 7.5 செ.மீ. என்றால், ஒரு சுற்றில் உங்கள் கை நகர்வது 47 செ.மீ. மட்டும். அதாவது 10 கிலோ பாரத்துக்கு எதிராகச் சுற்ற 28 கிலோ விசை வேண்டும், உள் உராய்வைச் சேர்க்காமலே. யாராலும் முடியாது. அதனால்தான் கோலைத் தூக்கி மீனை உயர்த்தி, தாழ்த்தும்போது மட்டும் சுற்றுகிறோம். அப்படி இருந்தும் அதிவேக ரீல் ஜி.டி.க்கு நல்லதே. மீன் படகை நோக்கி ஓடி வந்தால் தளர்ந்து தொங்கும் லைனைச் சுற்றி எடுக்க வேகம் வேண்டும், குச்சி வடிவப் போலி இரையான ஸ்டிக்பெய்டை ஓட்டவும் வேண்டும். ஆழத்திலிருந்து நேராக மேலே தூக்கும் ஜிக்கிங்குக்கு 4.5:1க்குப் பக்கத்தில் உள்ள மெதுவான கியர் எடுங்கள்.

லீவர் டிராக் ரீல்களில் இந்தச் சிக்கலுக்கு இரண்டு வேகம் இருக்கிறது. மேல் வேகம் 3:1 அளவில், கீழ் வேகம் 1.3:1 அளவில். ஸ்பூல் விட்டம் 10 செ.மீ., கைப்பிடி 10 செ.மீ. என்றால் கீழ் வேகத்தில் 10 கிலோவைச் சுற்ற ஆறரை கிலோ விசை போதும். சூரை நேர் கீழே நின்றுகொண்டு அசைய மறுக்கும்போது பொத்தானை அழுத்தி ஒவ்வொரு சாணாக எடுக்கலாம். இந்த வகையின் சைஸ்கள் 30, 50, 80, 130 என்று வரும். சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கமான ஐ.ஜி.எஃப்.ஏ.வின் 15, 24, 37, 60 கிலோ லைன் பிரிவுகள்தான் பவுண்டில் இந்த எண்கள். நம் கரைக்கு வெளியே மயில்மீன், சூரைக்கு 30 நிறைவாகப் போதும், 50 இருந்தால் மார்லின் வந்தாலும் பயமில்லை. 80, 130 எல்லாம் நாற்காலியில் உட்கார்ந்து பிடிப்பவர்களுக்கு. ஃபைபர் போட்டில் நின்றபடி பிடிக்க அது தண்டனை. சாதனைப் பதிவு எண்ணம் இருப்பவர்கள் மட்டும் அந்தப் பிரிவுக்கென்று விற்கும் லைனை வாங்குங்கள். சாதாரண லைன் எழுதியதைவிட அதிகம் தாங்கி, உங்களை மேல் பிரிவுக்குத் தள்ளிவிடும்.

லைன் ஏற்றுவது

பிரெய்டை வெறும் ஸ்பூலில் சுற்றினால் முழுச் சுற்றும் சேர்ந்து வழுக்கிச் சுழலும். டிராக் கெட்டுவிட்டது என்று ரீலைப் பிரிப்பவர்கள் உண்டு. எட்டுப் பத்து மீட்டர் தங்கூஸை முதலில் சுற்றி, அதில் பிரெய்டைக் கட்டுங்கள். பிரெய்டு ஸ்பூலை ஒருவர் பென்சிலில் மாட்டிப் பிடிக்க, ஈரத் துணியால் லைனை இறுக்கிப் பிடித்து 2, 3 கிலோ இழுவையில் ஏற்றுங்கள். துணி ஈரமாக இருக்க வேண்டும். இந்த இழை 145, 150 டிகிரியிலேயே உருகும், காய்ந்த துணியின் உராய்வே அதைச் சுடும். தளர்வாக ஏற்றினால் முதல் பெரிய மீனில் மேல்சுற்று அடிச்சுற்றுக்குள் புதையும், அடுத்த வீச்சில் பாதி வழியில் லைன் நின்று, பாப்பர் மட்டும் தனியே பறந்துபோகும். ஸ்பூல் உதட்டுக்கு 2 மி.மீ. கீழே நிறுத்துங்கள்.

லீடர்: ஜி.டி.க்கு 150 முதல் 200 பவுண்டு நைலான், ஒன்றரை முதல் இரண்டு மீட்டர். ஃபுளூரோகார்பன் இங்கே வீண். விறைப்பு அதிகம், பாப்பர் துரத்தும் மீன் லீடரைப் பார்ப்பதில்லை. தெளிந்த தண்ணீரில் சூரைக்கு மட்டும் 80 முதல் 100 பவுண்டு ஃபுளூரோ. வஞ்சிரம், ஊழி அடிக்கும் இடத்தில் முள்ளுக்கு முன்னால் ஒரு சாண் கம்பி வைக்காவிட்டால் ஒவ்வொரு கடிக்கும் ஒரு லூர் (போலி இரை) போகும்.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்.ஜி. முடிச்சு. பிரெய்டு இறுக்கமாக நிற்க, லீடரை அதன் மேலும் கீழுமாக 20 முதல் 24 முறை பின்னி, கையுறை போட்டு முழுப் பலத்தோடு இழுங்கள். பிரெய்டு லீடரைக் கடித்துப் பிடிக்கும் நேரத்தில் அதன் நிறம் சட்டென்று கருக்கும், பின்னல் குறுகி லீடருக்குள் பதியும். அந்த நிற மாற்றம் வராத முடிச்சு எத்தனை அரைமுடிச்சு மேலே போட்டாலும் வழுக்கும். பதிந்த பிறகு ஆறேழு அரைமுடிச்சு, லீடர் முனையை வெட்டி லைட்டரால் சின்ன உருண்டையாக்குங்கள். சுடர் பிரெய்டைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து.

டிராகை வைப்பது

கை மதிப்பீடு வேண்டாம். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசு ஒன்று போதும். கோலை 45 டிகிரியில் பிடியுங்கள், ஒருவர் லைனைத் தராசோடு மெல்ல இழுத்து நடக்கட்டும். இரண்டு எண்களைக் குறியுங்கள்: ஸ்பூல் நகரத் தொடங்கும்போது, ஓடிக்கொண்டிருக்கும்போது. 10 கிலோவில் நகரத் தொடங்கி 9.5இல் ஓடினால் நல்ல டிராக். 12இல் தொடங்கி 8இல் ஓடினால் வாஷர் ஒட்டிக்கிடக்கிறது, பிரித்துத் துடைத்து டிராக் கிரீஸ் போடும் வரை அதை நம்பாதீர்கள். வீச வீசக் குமிழ் நகரும், இடையிடையே மறுபடி பாருங்கள்.

லீவர் ரீலில் நடுக் குமிழைத் திருகும்போது லீவர் கட்டாயம் ஃப்ரீ நிலையில் (ஸ்பூல் தடையின்றிச் சுழலும் நிலை) இருக்க வேண்டும். மீன் கடிக்கும்போது வைக்கும் ஸ்ட்ரைக் நிலையில் வைத்துக்கொண்டு திருகினால் பேரிங்குகளுக்கு அடி. திருகிய பிறகு லீவரை ஃப்ரீயில் வைத்து ஸ்பூலைத் தட்டிவிடுங்கள். தாராளமாகச் சுழலாவிட்டால் அந்த ரீலின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள்.

ஓடும் பிரெய்டை வெறும் கையால் தொடாதீர்கள். லீடரைக் கையில் சுற்றிப் பிடிப்பதும் தெரிந்தவர் வேலை. கடைசி நேரத்தில் சூரை ஒரு தலையாட்டு ஆட்டினால் விரல் போகும்.

கரைக்கு வந்ததும்

டிராகை இறுக்கி மூடி, நல்ல தண்ணீரை மெல்லத் தூவிக் கழுவுங்கள். குழாயைப் பீய்ச்சினால் உப்பு உள்ளே போகும், வாளியில் முக்கினால் இன்னும் மோசம். ஈரம் துடைத்ததும் டிராகை முழுக்கத் தளர்த்தி வையுங்கள், இறுக்கியே வைத்தால் வாஷர் நசுங்கி அடுத்த முறை திக்கும். லைன் ரோலருக்கு ஒரு துளி எண்ணெய். கைப்பிடிக்கு அருகே இருக்கும் ஒருவழிக் கிளட்சில் மட்டும் கிரீஸ் படவே கூடாது. பட்டால் முள் குத்தும் நேரத்தில் கைப்பிடி பின்னால் சுழலும்.

லைனின் முதல் 30, 40 மீட்டரைத்தான் வீச்சும் உரசலும் தின்கின்றன. விரலுக்கிடையே உருட்டிப் பாருங்கள், பஞ்சு பிரிந்திருந்தால் அந்தப் பகுதியை வெட்டிவிடுங்கள். மேலும் வெட்ட முடியாத அளவுக்குக் குறைந்ததும், வேறொரு ஸ்பூலுக்கும் அதிலிருந்து இன்னொன்றுக்கும் மாற்றிவிட்டு ரீலில் திரும்பச் சுற்றினால், அடியில் வெயில் படாமல் கிடந்த பகுதி மேலே வரும். தங்கூஸ் அடிச்சுற்றைக் கொஞ்சம் கூட்டி, ஸ்பூல் நிறையும்படி செய்ய மறக்காதீர்கள்.